உரோமாபுரிக்கு வெள்ளையடித்தவர்கள்

பழைய உரோமாபுரி யாருடைய முதுசொம் என்ற வழக்கு மேற்குலகில் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. 2016ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகங்களில் வெள்ளை இனவாத அமைப்பொன்று சுவரொட்டிகளை ஒட்டியது. அவற்றில் அரசியல் தலைவர் எவரது படமும் இருக்கவில்லை. பண்டைய சிற்ப மரபைச் சேர்ந்த வெண்பளிங்கு முகங்களே இருந்தன. ‘இது நம் முன்னோரின் முகம், இதைக் காப்பாற்ற வாருங்கள்’ என்பதே அவற்றின் சாரம். அடுத்த ஆண்டு, அதாவது 2017இல், அயோவா பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் சாரா பொண்ட் அந்தச் சிலைகள் வெள்ளையாக இருந்தவையல்ல, அவற்றுக்கு வண்ணம் தீட்டப்பட்டிருந்தது என்று எழுதினார். துறை சார்ந்த எவருக்கும் தெரிந்த செய்திதான். அதற்காக அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அதே ஆண்டின் கோடைகாலத்தில் பிரித்தானியாவில் இன்னொரு கூத்து. பாடசாலைப் பிள்ளைகளுக்காக பிபிசி தயாரித்த சித்திரப் படமொன்றில் உரோமர் காலத்துப் பிரித்தானியக் குடும்பமொன்றின் தந்தை கறுப்பராகக் காட்டப்பட்டிருந்தார். அது பொருத்தமற்ற சித்திரமல்ல என்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் மேரி பியர்ட் சொல்லப்போக, நாட்கணக்காக அவர்மீது வசைமாரி பொழிந்தது.

இது வெள்ளையர்களின் வீட்டுச் சண்டை, நமக்கென்ன என்று தமிழ் வாசகர்கள் ஒதுங்கிவிட முடியாது. எம்மை ஆண்டவர்கள் உரோமாபுரியைத் தமது பாட்டன் வீடாக எண்ணி வளர்ந்தவர்கள். இந்திய, இலங்கைக் குடியியற் சேவைகளுக்கு ஆட்களை எடுத்த பரீட்சையில் கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் புள்ளிகள் தாராளமாக வழங்கப்பட்டன. 1905இல் யாழ்ப்பாணத்துக்குப் பயிற்சி அதிகாரியாக வந்த லெனாட் வுல்ஃபும் கேம்பிரிட்ஜில் அந்த இலக்கியங்களைப் பயின்றவரே. அவர் பின்னாளில் ஏகாதிபத்தியத்துக்கு எதிராக எழுதியது வேறு கதை. உரோமர் உலகை ஆண்டதுபோல நாமும் ஆளப் பிறந்தவர்கள், அவர்கள் நம்மைப் போன்ற வெள்ளையர் என்ற எண்ணம் அந்தத் தலைமுறையின் பாடப்புத்தகத்திலேயே இருந்தது. இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் எமது பிள்ளைகள் படிக்கும் வகுப்பறைகளில் அதே எண்ணத்தின் மிச்சசொச்சம் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சுவரொட்டி ஒட்டியவர்கள் சொல்வது பொய். நான் சுற்றிவளைத்துச் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தப் பொய்யை மறுக்கப் புறப்பட்டவர்களிற் சிலரும் ஒரு தவறு செய்கிறார்கள். உரோமர் நிறம் பார்க்காதவர்கள், எல்லோரையும் சமமாக நடத்தியவர்கள் என்று ஒரு பொற்காலத்தைக் கட்டிவிடுகிறார்கள். உரோமரைப் போல நிறம் பார்த்த சமூகம் உலகத்தில் அரிது. தெருவில் எதிரே வருபவனின் நிறத்தைப் பார்த்துத்தான் வழிவிடுவதா, தள்ளிவிட்டுப் போவதா என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அந்த நிறம் துணியில் இருந்தது. அதைச் சட்டம் காவல் செய்தது, பணம் வாங்கியது, அரசன் பறித்தான்.

முதலில் வெள்ளையையே எடுத்துக்கொள்வோம். இலத்தீனில் வெள்ளைக்கு ஒரு சொல் போதவில்லை. மங்கிய வெள்ளைக்கு ‘அல்பஸ்’, ஒளிவீசும் வெள்ளைக்கு ‘கன்டிடஸ்’. பதவிக்குப் போட்டியிடுபவன் தனது டோகா என்ற கம்பளிப் போர்வைக்கு வெண்கட்டி பூசிப் பளீரென்று ஆக்கிக்கொண்டு சந்தை கூடும் மன்றத்துக்கு வருவான். ஆங்கிலத்தில் வேட்பாளரைக் குறிக்கும் ‘கன்டிடேற்’ என்ற சொல் அந்தப் பூச்சிலிருந்து வந்தது. இந்தப் பூச்சு வித்தையைத் தடுக்க கி.மு. 432இலேயே சட்டம் கொண்டுவரப்பட்டதாக லிவி என்ற வரலாற்றாசிரியர் எழுதுகிறார். சட்டம் மறக்கப்பட்டது. பூச்சு நிலைத்தது. தேர்தல் காலத்தில் வெள்ளை உடுத்தி வருபவர்களைக் கண்டு பழகிய இலங்கை வாசகர்களுக்கு இதில் வியப்பிருக்காது.

அந்த வெண்மை எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். கம்பளியைச் சலவை செய்வதற்கு உரோமச் சலவைக்கூடங்கள் புளித்த சிறுநீரைப் பயன்படுத்தின. பொம்பெயி நகரின் இடிபாடுகளில் அந்தத் தொட்டிகளை இன்றும் காணலாம். அடிமைகளும் ஏழைத் தொழிலாளரும் தொட்டிக்குள் நின்று காலால் மிதித்து வெளுத்தார்கள். வெஸ்பாசியன் என்ற பேரரசன் அந்தச் சிறுநீருக்கே வரி விதித்தான். செனற் உறுப்பினரின் தூய வெண்மைக்குப் பின்னால் இருந்த வாடை இது.

சலவைக்குப் பணமில்லாதவன் ஆட்டின் இயற்கையான கருமை கலந்த கம்பளியையோ அழுக்கேறிய பழுப்பையோ உடுத்தினான். துக்கம் காப்பவர்களின் உடையும் கருமை என்பதால் ஏழை ஆண்டு முழுவதும் இழவு வீட்டுக்காரனைப் போலவே காட்சியளித்தான். மக்கள் கூட்டமொன்றில் இருண்ட மேலாடைக்காரர் பெருகியிருந்ததைக் கண்டு கொதித்த அகஸ்ரஸ், டோகா அணியாதவர் மன்றத்துக்குள் நிற்கக்கூடாதென்று அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டான். அரங்குகளிலே இருண்ட உடுப்புக்காரர் நடுப்பகுதியில் அமரக்கூடாது என்றும் விதித்தான். அவர்கள் மேலே, கடைசி வரிசைகளுக்குப் போகவேண்டும். சூட்டோனியஸ் இதை எழுதிவைத்திருக்கிறார். கறுத்தவனைப் பின்வரிசைக்கு அனுப்பும் சட்டம்தான் இதுவும். கறுத்தது உடுப்பு என்பதே வேறுபாடு.

இனி அந்தப் புகழ்பெற்ற கருஞ்சிவப்புக்கு வருவோம். தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு ‘இரத்தாம்பரம்’ என்ற சொல் தெரிந்திருக்கும். லீதியாள் என்ற பெண் விற்ற பொருள். மொழிபெயர்த்தவர்கள் நல்ல சொல்லைத்தான் தேர்ந்தார்கள். இன்றைய லெபனானிலுள்ள தீரு நகரத்துச் சாயத்தின் உயர்ந்த வகை உறைந்த இரத்தத்தின் நிறம் கொண்டது, நேரே பார்த்தால் கருமை, வெளிச்சத்தில் பிடித்தால் மினுக்கம் என்று மூத்த பிளினி வர்ணிக்கிறார். கடல் நத்தை ஒன்றின் சுரப்பியிலிருந்து எடுக்கப்பட்டது அது. 1909இல் போல் ஃபிரீட்லாண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளைச் சேகரித்துச் சாயத்தைப் பிரித்தபோது அவருக்குக் கிடைத்தது 1.4 கிராம் மட்டுமே. சாயப் பட்டறைகளின் நாற்றத்தால் தீரு நகரம் வாழ்வதற்கு இனிமையற்றதாயிற்று, ஆனால் பணக்கார நகராயிற்று என்று ஸ்ட்ராபோ என்ற புவியியலாளர் குறித்திருக்கிறார். உலகத்தில் மதிப்பு மிக்க நிறம் அழுகிய நத்தையின் வயிற்றிலிருந்து வந்ததென்பதை உடுத்தியவர்கள் நினைத்துப் பார்த்தார்களோ இல்லையோ, காய்ச்சியவர்கள் தினமும் முகர்ந்தார்கள்.

இந்த நிறத்தின் அகலத்தை வைத்தே ஒருவனின் அந்தஸ்து அளக்கப்பட்டது. செனற் உறுப்பினருக்கு உள்ளங்கியில் அகன்ற பட்டை. அடுத்த நிலையிலிருந்த குதிரைவீரர் வகுப்புக்குக் குறுகிய பட்டை. உயர் பதவி வகித்தோருக்கு டோகாவின் ஓரத்திலும் கரை. சுதந்திரக் குடியில் பிறந்த சிறுவர்களுக்கும் அதே கரையிட்ட டோகா உண்டு. அந்தப் பிள்ளைமீது எவரும் கைவைக்கக் கூடாதென்பதற்கான அடையாளம் அது. அடிமையின் பிள்ளைக்கு அந்தக் கரையும் இல்லை, காவலும் இல்லை.

கி.பி. 301இல் டயோக்கிளீசியன் வெளியிட்ட விலைக்கட்டுப்பாட்டு ஆணையில் இரத்தாம்பரச் சாயமேற்றிய பட்டு இறாத்தல் ஒன்றுக்கு 1,50,000 டெனாரி. அதே ஆணையில் பண்ணைக் கூலியாளுக்குச் சாப்பாட்டுடன் நாளொன்றுக்கு 25 டெனாரி. வாசகர்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓய்வின்றி 6,000 நாட்கள், அதாவது 16 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தால் ஓர் இறாத்தல் நிறம்.

விலையோடு நின்றிருந்தால் அது ஆடம்பரம் என்று விட்டுவிடலாம். அது உயிரையும் கேட்டது. மௌரித்தேனியா நாட்டின் அரசனாயிருந்த தொலமி, கலிகுலாவின் அழைப்பின்பேரில் உரோமாபுரிக்கு வந்தவன், பேரரசனின் உறவினனுங்கூட. காட்சியரங்கிற்குள் அவன் நுழைந்தபோது அவனது மேலாடையின் கருஞ்சிவப்புப் பளபளப்பு எல்லோரது கண்களையும் இழுத்தது. அதற்காகவே கலிகுலா அவனைக் கொல்வித்தான் என்கிறார் சூட்டோனியஸ். உள்ளே வேறு அரசியல் காரணங்கள் இருந்திருக்கும். ஆனாலும் நிறத்துக்காகக் கொன்றான் என்று சொன்னால் உரோமர் நம்பினார்கள், அதுதான் கவனிக்கவேண்டியது. நீரோவோ குறிப்பிட்ட இரு சாயங்களைத் தடைசெய்துவிட்டு, சந்தை நாளில் தானே ஆளனுப்பிச் சில அவுன்சுகளை விற்பித்து, அதைச் சாட்டாக வைத்து வணிகர்களின் கடைகள் அனைத்தையும் மூடினான். அவன் பாடிக்கொண்டிருந்த சபையில் தடைசெய்யப்பட்ட நிறத்தில் வந்திருந்த சீமாட்டியொருத்தியைச் சுட்டிக்காட்டினான். அவளது உடை அங்கேயே உரியப்பட்டது, சொத்தும் பறிமுதலாயிற்று. பிலாத்துவின் சிப்பாய்கள் இயேசுவுக்கு அரச அங்கி போர்த்தி எள்ளியதன் கொடூரம் இந்தப் பின்னணியில்தான் முழுமையாக விளங்கும். மாற்கு, யோவான் சுவிசேஷங்களின் கிரேக்க மூலம் அந்த அங்கியை இதே சாயத்தின் பெயராற் குறிக்கிறது.

தேரோட்டப் போட்டியின் நிறங்களைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை என நான்கு அணிகள். இந்த மக்கள் குதிரையையோ ஓட்டுபவனையோ விரும்பவில்லை, துணியை விரும்புகிறார்கள், ஓட்டத்தின் நடுவில் நிறத்தை மாற்றிக்கொண்டால் ஆதரவும் மாறிவிடும் என்று இளைய பிளினி சலித்துக்கொண்டார். கடைசியில் நீலமும் பச்சையும் மட்டும் மிஞ்சின. 532இல் அந்த இரண்டு நிறத்தாரும் கொன்ஸ்தாந்திநோப்பிளில் கிளர்ந்தெழுந்தபோது முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டதாக புரொக்கோப்பியஸ் எழுதினார். நீலமும் பச்சையும் என்ன செய்யும் என்று இலங்கை வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இப்போது அடிமைக்கு வருவோம். வெள்ளை இனவாதிகள் மிகவும் சங்கடப்பட வேண்டிய இடம் இது. வேட்பாளனின் டோகாவுக்குப் பூசப்பட்ட வெண்கட்டியைப் பற்றி மேலே சொன்னேன். மண்வகைகளைப் பற்றி எழுதும்போது மூத்த பிளினி, மலிந்த வெண்கட்டி வகையொன்றை உரோமர் வேறெதற்குப் பயன்படுத்தினர் என்பதையும் சொல்கிறார். கடல் கடந்து கொண்டுவரப்பட்டு விற்பனைக்கு நிறுத்தப்பட்ட அடிமைகளின் பாதங்களில் அதைப் பூசினார்கள். உரோமச் சந்தையில் அந்நிய அடிமையின் நிறம் வெள்ளை! முழங்காலுக்குக் கீழே வெள்ளை. அந்த வெள்ளைப் பாதங்களோடு வந்தவர்களிற் சிலரின் பெயர்களையும் பிளினி தருகிறார். கூத்துக் கலைக்குப் பெயர்பெற்ற அந்தியோக்கியாவின் பப்ளிலியஸ் அவர்களில் ஒருவர். இலக்கண ஆசிரியரான ஸ்டபேரியஸ் ஈரோஸ் இன்னொருவர். சல்லாவின் ஆட்சியில் பிறர் சொத்தைச் சூறையாடிப் பெருஞ்செல்வனான கிறிசோகோனஸும் அந்தப் பட்டியலில் இருக்கிறான்.

பாதத்தில் ஏன் பூசவேண்டியிருந்தது? பார்த்தவுடன் அடிமையை அடையாளம் காட்டும் நிறம் எதுவும் உடம்பில் இருக்கவில்லை என்பதாற்றான். போரில் பிடிபட்டவன், கடற்கொள்ளையரிடம் சிக்கியவன், குப்பைமேட்டிற் கைவிடப்பட்ட குழந்தை, அடிமைத் தாயின் பிள்ளை என எல்லாத் தேசத்தவரும் அடிமையாக முடிந்தது. செனெக்கா ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். அடிமைகளுக்கென்று தனி உடை விதிக்கவேண்டுமென்று செனற் சபையில் ஒருமுறை யோசனை வந்ததாம். அப்படிச் செய்தால் அவர்கள் எம்மை எண்ணத் தொடங்கிவிடுவார்களே என்ற பயத்தில் கைவிட்டார்களாம். அத்திலாந்திக் அடிமை வணிகத்தின் முதலாளிமாருக்கு அந்தப் பயம் வேறு விதமாகத் தீர்ந்தது. அவர்கள் தோலையே உடையாக்கினார்கள். அது உரோமரிடமிருந்து வந்த முதுசொம் அல்ல, சொந்தச் சம்பாத்தியம்.

இதனால் உரோமர் நல்லவர்களாகிவிடுகிறார்களா? இல்லவே இல்லை. எந்த நிறத்தவனையும் விற்கத் தயாராயிருந்தது ஒரு நற்குணமல்ல. தோலைப் பற்றிய ஏளனமும் அவர்களிடம் தாராளமாக இருந்தது. எத்தியோப்பியரின் கருமையை வைத்துக் கேலி செய்யும் வரிகள் யுவெனாலிடம் உண்டு. கருமை மரணத்தின் நிறம் என்பதால், பிரித்தானியாவில் கறுப்புச் சிப்பாயொருவன் எதிர்ப்பட்டதைத் தீய சகுனமென்று கண்டு பேரரசன் செப்டிமியஸ் செவெரஸ் கலங்கினான் என ஒரு பழைய கதை இருக்கிறது. அந்த நூல் நம்பகமானதல்ல. என்றாலும் அப்படியொரு கதையைக் கட்டலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே! ஹோவர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராங் ஸ்னோடன் 1970இலும் 1983இலும் வெளியிட்ட நூல்களில், பண்டைய மத்தியதரைக்கடல் உலகில் இன்றைய பொருளிலான நிறவெறி இருக்கவில்லை என்று வாதிட்டார். அந்த வாதம் இன்றும் பெரும்பாலும் நிற்கிறது. ஆனால் 2004இல் பெஞ்சமின் ஐசக் காட்டியதுபோல, மக்களை மண்ணையும் காலநிலையையும் வைத்துத் தரம் பிரிக்கும் பழக்கம் அங்கே வேரோடியிருந்தது. இருவரையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

அந்தத் தரம் பிரித்தலில் வெள்ளையருக்குக் கிடைத்த இடம் எது என்பதுதான் சுவையானது. அகஸ்ரஸ் காலத்துக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் விளக்குகிறார்: வடக்கே குளிர்தேசத்தவர் பெருத்த உடம்பு, வெளுத்த தோல், செம்மயிர், நீலக்கண் கொண்டவர்கள், வீரமுண்டு, புத்தி மந்தம். தெற்கே வெயில்தேசத்தவர் குள்ளமான உடம்பு, கரிய தோல், சுருள்மயிர் கொண்டவர்கள், கூர்மையான புத்தி உண்டு, போரில் கோழைகள். இரண்டுக்கும் நடுவே, எல்லாம் அளவோடு அமைந்தவர்கள் யார்? உரோமர்! ஆகவே உலகை ஆளத் தகுந்தவர்களும் அவர்களே. இது அப்பட்டமான தற்புகழ்ச்சி. ஆனால் இன்று வடஐரோப்பிய வம்சாவளியைச் சொல்லி உரோமாபுரிக்கு உரிமை கோருபவர்கள் இதைப் படித்துவிட்டு வரட்டும். விட்ருவியஸின் ஏட்டில் அவர்கள் மந்தபுத்திக்காரர். பிரித்தானியர் உடம்புக்கு நீலச்சாயம் பூசுபவர்கள் என்றார் சீசர். அந்தத் தீவிலிருந்து வரும் அடிமைகளில் எழுத்தோ இசையோ தெரிந்தவர்களை எதிர்பார்க்கவேண்டாமென்று கி.மு. 54இல் நண்பர் அற்றிக்கஸுக்குக் கடிதம் எழுதினார் சிசெரோ. அதே சிசெரோவை மனனம் செய்துவிட்டுத்தான் ஆங்கிலேயர் எமக்கு நாகரிகம் கற்பிக்கக் கப்பலேறினார்கள்.

வெள்ளைத் தோல் உரோமருக்கு அழகாகப் பட்டதுண்டு, பெண்களிடத்தில். அதற்காக நஞ்சான ஈயவெள்ளையை முகத்திற் பூசிக்கொண்டார்கள். ஜேர்மனியப் போர்க்கைதிகளின் பொன்னிற மயிரைக் கத்தரித்து வந்து உரோமச் சீமாட்டிகள் பொய்முடி செய்து அணிந்தார்கள். ஆணுக்கு வெளுத்த தோல் பெருமையல்ல. வெயில்படாமல் நிழலில் கிடந்து மென்மையானவன், ஆண்மை குன்றியவன் என்று அதற்குப் பொருள் கொண்டார்கள். பொம்பெயியின் சுவரோவியங்களில் பெண்கள் வெளிறியும் ஆண்கள் மாநிறமாகவும் தீட்டப்பட்டிருப்பதை எவரும் பார்க்கலாம். ‘வெள்ளை மனிதன்’ என்று ஒரு செஞ்சூரியனைப் பாராட்டியிருந்தால் அவன் கைத்தடியால் பதில் சொல்லியிருப்பான்.

எமது தீவைப் பற்றிய ஒரு குறிப்பையும் இங்கே சேர்க்கலாம். குளோடியஸ் ஆட்சியில் தப்ரபேனிலிருந்து, அதாவது இலங்கையிலிருந்து, நான்கு தூதுவர்கள் உரோமாபுரிக்குச் சென்றனர் என்று மூத்த பிளினி எழுதியிருக்கிறார். அவர்கள் சொன்னவற்றை அவர் ஆர்வத்தோடு பதிவுசெய்கிறார். அங்கே அடிமை வைத்திருப்பார் எவருமில்லை, அரசனைக் குடிமக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், வாரிசில்லாதவனையே அரசனாக்குகிறார்கள் என்றெல்லாம் எழுதிப் போகிறார். உண்மை பாதி, தன் நாட்டாரைக் குத்துவதற்கான கற்பனை பாதி. அந்தத் தூதுவர்கள் கறுப்பா சிவப்பா என்று சொல்லவேண்டுமென அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர்களது பேச்சில் அடிபட்ட தூரதேசத்து சேரஸ் மக்களின் செம்மயிரும் நீலக்கண்ணும் விசித்திரமாகப் பட்டிருக்கின்றன. அவற்றைக் குறித்துவைத்தார்.

மேலே பெயர் சொன்ன செவெரஸ், இன்றைய லிபியாவிலுள்ள லெப்டிஸ் மாக்னாவில் 145இல் பிறந்தவன். 193இல் பேரரசனாகி, 211இல் பிரித்தானியாவின் யோர்க் நகரில் இறந்தான். அவனும் குடும்பமும் தீட்டப்பட்ட மரப்பலகை ஓவியமொன்று பெர்லினில் இருக்கிறது. அதில் அவன் நல்ல கரும்பழுப்பு நிறம். அதைத் தூக்கிப்பிடித்து ‘பாருங்கள், கறுப்புப் பேரரசன்!’ என்று கூவுவோருண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆண்களை இருட்டாகத் தீட்டும் மரபை இப்போதுதான் சொன்னேன். பழைய நூல்கள் அவனைப் பற்றிச் சொல்லும் குறை வேறு. அவனது இலத்தீன் உச்சரிப்பில் முதுமைவரை ஆபிரிக்க வாடை போகவில்லையாம். ஊரிலிருந்து வந்த தமக்கைக்கு இலத்தீன் சரியாகப் பேசவராததால் வெட்கப்பட்டு அவளைத் திருப்பி அனுப்பிவிட்டானாம். நிறத்துக்கல்ல, நாக்குக்கு வெட்கம். மொழி காரணமாகத் தலைகுனிந்து அலுவலகங்களில் நின்ற அனுபவமுள்ள எங்களுக்கு அந்தத் தமக்கை அந்நியமானவளல்ல.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் பீச்சி ஹெட் பகுதியில் கிடைத்த உரோமர் காலத்துப் பெண்ணொருத்தியின் எலும்புக்கூட்டை ஆபிரிக்கப் பெண் என்று அறிவித்து, 2016இல் நினைவுப் பலகையும் வைத்தார்கள். மேம்பட்ட மரபணு ஆய்வு 2025இல் அவள் அந்த மண்ணுக்குரியவள், வெளிறிய தோலினள் என்று சொல்லிவிட்டது. உடனே மறுதரப்பு கொக்கரித்தது. இந்தப் பக்கத்தார் ஓர் எலும்புக்கூட்டில் தமது வாதத்தை ஏற்றி வைத்ததால் வந்த வினை அது. வட ஆபிரிக்கரும் சிரியரும் பிரித்தானியாவில் வாழ்ந்ததற்குக் கல்வெட்டுகளே சாட்சி. இன்றைய அல்ஜீரியாவில் பிறந்த லோலியஸ் உர்பிக்கஸ் 2ஆம் நூற்றாண்டில் அந்தத் தீவின் ஆளுநராகவே இருந்தார். அவர் எந்த நிறத்தவர் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்கவேண்டிய தகவலாக அது கருதப்படவில்லை.

அப்படியானால் இந்த வெள்ளை எங்கிருந்து வந்தது? மண்ணுக்குள் கிடந்த சிலைகளின் வண்ணம் உதிர்ந்துபோயிற்று. தோண்டியெடுத்தவர்கள் மிச்சத்தையும் கழுவினார்கள். 1764இல் வின்கெல்மன் என்ற ஜேர்மனியர் பண்டைய கலை வரலாற்றை எழுதியபோது, வெள்ளை அதிக ஒளியைத் திருப்புவதால் உடல் வெளுக்க வெளுக்க அழகாகும் என்று கோட்பாடு வகுத்தார். ஐரோப்பா அடிமைக் கப்பல்களை ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் அது மிகவும் வசதியான அழகியல். 1863இல் உரோமாபுரிக்கு அருகே அகஸ்ரஸின் சிலை கிடைத்தபோது அதில் சிவப்பும் நீலமும் கண்ணுக்குத் தெரியும்படி ஒட்டியிருந்தன. கண்டும் காணாதவர்களாகவே பலர் இருந்தார்கள். 1930களின் இறுதியில் பிரித்தானிய நூதனசாலையில், ஏதென்ஸிலிருந்து கொண்டுவரப்பட்ட பார்த்தினன் சிற்பங்களை இன்னும் வெள்ளையாக்குவதற்காகச் செப்புக் கருவிகளால் சுரண்டினார்கள். ஏறத்தாழ அதே வேளையில், 1938 ஓகஸ்டில், முசோலினியின் இத்தாலியில் ‘இனத்தின் பாதுகாப்பு’ என்ற சஞ்சிகை வெளிவந்தது. முதல் இதழின் அட்டையில் மூன்று முகங்கள்: ஒரு யூதக் கேலிமுகம், ஓர் ஆபிரிக்க முகம், அவ்விரண்டிலிருந்தும் வாளால் பிரிக்கப்பட்ட ஒரு பண்டையச் சிலை முகம். அதே ஆண்டிலேயே இனச் சட்டங்கள் வந்தன. யூத ஆசிரியர்களும் மாணவர்களும் பாடசாலைகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 2016இன் சுவரொட்டிக்காரர்கள் எங்கிருந்து பிரதி எடுத்தார்கள் என்று தேடியலையத் தேவையில்லை.

2003இல் ஜேர்மனியின் மியூனிக் நகரில் வின்சென்ஸ் பிரிங்மனும் அவரது குழுவினரும் வண்ணம் தீட்டிய பிரதிகளைக் காட்சிக்கு வைத்தபோது, பார்த்தவர்களிற் பலர் முகம் சுளித்தார்கள். எமது கோயில் கோபுரங்களைப் பார்த்து மேல்நாட்டார் சுளிக்கும் அதே சுளிப்பு. நிறம் என்றாலே நாகரிகக் குறைவு, வெள்ளை என்றால் உயர்வு என்று பழக்கப்பட்ட கண்கள். உரோமரின் கண்கள் அப்படிப் பழகவில்லை. அவர்கள் தமது தெய்வங்களுக்கும் அரசர்களுக்கும் நிறம் தீட்டினார்கள், தீட்டாத கல்லை முடிவடையாத வேலையாகக் கண்டார்கள்.

சுவரொட்டி ஒட்டிய இளைஞர்களின் ஊர்வலப் படங்களைப் பார்த்திருக்கிறேன். சீராக வெட்டிய தலைமயிர், ஒரே மாதிரியான சட்டை, காக்கிக் காற்சட்டை. அவர்களில் ஒருவன் அகஸ்ரஸின் அரங்குக்குள் நுழைந்திருந்தால் காவலர் அவனது தோலைப் பார்த்திருக்கமாட்டார்கள். டோகா இல்லாததைக் கண்டு மேல்வரிசைக்கு விரட்டியிருப்பார்கள். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஹொனோரியஸ் காலத்தில், உரோமாபுரிக்குள் நுழைந்திருந்தால் இன்னும் மோசம். காற்சட்டை வடதேசக் காட்டுமிராண்டிகளின் உடை என்பதால் நகருக்குள் அதை அணிவது அப்போது சட்டப்படி குற்றம். தண்டனை, சொத்துப் பறிமுதலும் நாடுகடத்தலும்.